மொய்யில் விழுந்த கடன்

தங்கச்சியின் போன் வந்தபோது கணபதி தண்ணீர் டேங்குக்குள் குந்தியிருந்தான். கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில் மலையைக் குடைந்து கட்டிய மூன்று மாடி வீடு. அதன் உச்சியில் கறுப்பு டேங்க். அதற்குள் கணபதியும் ஒரு பிரஷும், கழுத்தில் பொலித்தீன் பைக்குள் தொங்கிய போனும்.

"அண்ணே, எங்க இருக்க? கெணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி கேக்குது."

"டேங்குக்குள்ள இருக்கேன் டிலானி. சொல்லு."

"தனுஷி பெரிய பிள்ளையாயிட்டா அண்ணே. மாமனுக்குத்தான் மொதல்ல சொல்லணும்னு ஒனக்கு எடுத்தேன்."

கணபதி போட்ட சத்தத்தை டேங்க் நாலு தரம் திருப்பிச் சொன்னது. வீட்டுக்கார அம்மா ஏதோ ஆபத்து என்று மேலே ஓடி வந்துவிட்டார். அவரிடம், தன் மருமகள் பெரியவளாகிவிட்டாள் என்று சிங்களத்தில் சொல்லி, அவர் வாழ்த்திவிட்டு இறங்கிப் போன பிறகுதான் கணபதிக்கு மற்றது நினைவுக்கு வந்தது. மருமகளுக்குத் தாய்மாமன் என்றால் அவளுடைய தகப்பனுக்கு மச்சான். அந்தத் தகப்பனுக்குத்தான் அவன் கடன்காரன்.

கடன் வந்த கதையை நீட்டத் தேவையில்லை. நாடே எண்ணெய்க்கு வரிசையில் நின்ற வருஷம் அது. கணபதியிடம் லீசிங்கில் எடுத்த ஒரு சின்னப் பட்டா லொறி இருந்தது. மடுல்கெல்லயில் இருந்து மரக்கறி ஏற்றிக் கண்டிக்கு இறக்குவான். எண்ணெய் இல்லாமல் லொறி நின்றது. லொறி நின்றாலும் லீசிங் நிற்குமா? கடைசியில் வந்து இழுத்துக்கொண்டு போனார்கள். போனதோடு விட்டார்களா என்றால் அதுவும் இல்லை, விற்றது போக மிச்சத்தையும் கட்டு என்றார்கள். அந்த மிச்சத்தைக் கட்டியவன் ரவிகுமார், டிலானியின் புருஷன், தெல்தெனியவில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவன். ஒரு துண்டு எழுத்துக் கேட்கவில்லை. மேசை லாச்சியைத் திறந்தான், எடுத்தான், கையில் வைத்தான். அந்த ஒரு நிமிஷத்துக்காகக் கணபதி அவனை ஆயுசுக்கும் மறக்க மாட்டான்.

ஆனால் ரவிகுமாரும் அதை மறக்கவில்லை, மறக்க விடவும் இல்லை. அதுதான் தொல்லை.

லொறி போன பிறகு கணபதி ஒரு வீட்டில் சாமான் இறக்கும் கூலிக்குப் போனான். அந்த வீட்டுத் தண்ணீரில் வாடை வந்தது. மேலே ஏறிப் பார்க்க ஆளில்லை. கணபதி ஏறிப் பார்த்தான், உள்ளே இறங்கினான், கழுவினான். வீடு கட்டிய நாள் முதல் யாரும் கழுவாத டேங்க் அது. இறங்கி வரும்போது அவனுக்கு ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. கண்டியில் எல்லோரும் மலையில் வீடு கட்டுகிறார்கள், எல்லோரும் உச்சியில் டேங்க் வைக்கிறார்கள், வைத்த பிறகு ஒருத்தரும் மேலே ஏறிப் பார்ப்பதில்லை. மாசக்கணக்கில் சோறு போடக்கூடிய சோம்பேறித்தனம் இது என்று அவன் கண்டுகொண்டான்.

அவனிடம் ஒரு வேலை முறை இருந்தது. டேங்கின் அடியில் இருக்கும் சேற்றை வழித்து ஒரு வாளியில் நிரப்புவான். அதை ஊற்ற மாட்டான். கீழே கொண்டுவந்து வீட்டுக்காரர் முன்னால் வைத்து, "இதத்தான் ஐயா இவ்வளவு நாளா குடிச்சீங்க" என்பான். அதற்கு மேல் கூலி பேசத் தேவையே இருந்ததில்லை. பக்கத்து வீட்டுக்கும் அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டுகிற ஆட்களும் உண்டு. திகனயில் ஒரு பள்ளிவாசல், கட்டுகஸ்தோட்டையில் இரண்டு கிளினிக், ஏரியைச் சுற்றி விருந்தினர் விடுதிகள் என்று வேலை பெருகியது. அழுத்தமாகத் தண்ணீர் பீய்ச்சும் மெஷின் ஒன்று வாங்கினான். தன்னை யாராவது "என்ன வேலை?" என்று கேட்டால் "சொந்தத் தொழில்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வான், சட்டையில் பாசி ஒட்டியிருந்தாலும்.

கடனையும் கட்டிக்கொண்டுதான் வந்தான். மாசா மாசம், வேலை இருந்தால் கூடுதலாக, இல்லாவிட்டால் குறைவாக. ஆனால் ரவிகுமார் ஒருநாளும் கணபதிக்கு நேரே போன் எடுக்க மாட்டான். டிலானிதான் எடுப்பாள். "அவரு சும்மா கேட்டாரு அண்ணே, மாசம் முடியுதான்னு." மாசம் முடிகிறதா என்று பார்க்க அவன் கடைச் சுவரில் கலண்டர் இல்லாமலா இருக்கிறது? நேரில் பார்த்தால் வேறு மாதிரி. கடைக்கு வருகிறவர்களிடம், "நான் விக்கிற டேங்குக்குள்ளதான் எங்க மச்சான் குடியிருக்காரு" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். கணபதியும் சிரிப்பான். கடன் வாங்கியவனுக்குச் சிரிப்பதும் ஒரு தவணைதான்.

ஒருமுறை டிலானி குடும்பம் குண்டசாலைக்கு, கணபதி வாடகைக்கு இருக்கும் வீட்டுக்கு, சாப்பிட வந்தது. கணபதியின் மனைவி யோகேஸ்வரி அதற்கு முந்தின வாரம்தான் ஒரு பிளெண்டர் வாங்கியிருந்தாள். ரவிகுமார் கண்ணில் பட்டால் அதற்கும் ஒரு வார்த்தை வருமே என்று அதைச் சேலையில் சுற்றி அலுமாரிக்குள் ஒளித்துவிட்டு, அம்மியில் சம்பல் அரைத்தாள். பிள்ளைக்குக் கை துடைக்கத் துவாய் எடுக்க டிலானி அலுமாரியைத் திறந்தாள். சேலை விலகி பிளெண்டர் எட்டிப் பார்த்தது. டிலானி அதைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள், சேலையைத் திரும்ப இழுத்து மூடினாள். கணபதி இதைக் கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். மச்சானின் குத்தல் அத்தனையும் சேர்ந்து தராத வலியை அவனுக்கு அந்தச் சேலை தந்தது. தங்கச்சிக்கும் ஒளிப்பதற்கு உதவ வேண்டியதாகிவிட்டதே என்று அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த லட்சணத்தில்தான் மருமகள் பெரிய பிள்ளையானாள்.

முதல் தண்ணீர் ஊற்றலுக்கு வீட்டு ஆட்கள் மட்டும் போய் வந்தார்கள். மண்டபம் எடுத்துச் செய்யும் சடங்கு, ஆடி கழிந்து ஆவணியில் என்று முடிவானது. மண்டபம் என்றால் தாய்மாமன் சீர். தட்டுத் தட்டாக, மேளத்தோடு, ஊர் பார்க்க வர வேண்டும். பெரிதாகக் கொண்டுபோனால், "என் கடன் அப்படியே இருக்கு, சீருக்கு மட்டும் காசிருக்கா?" என்று ரவிகுமார் நினைப்பான். சின்னதாகக் கொண்டுபோனால், "அண்ணன்காரன் கொண்டுவந்த லட்சணத்தப் பாரு" என்று புருஷன் வீட்டார் டிலானியை இடித்துக் காட்டுவார்கள். கூட்டிப் பார்த்தாலும் கழித்துப் பார்த்தாலும் அடி தங்கச்சிக்குத்தான்.

யோகேஸ்வரி வெங்காயம் உரித்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னாள். "ரெண்டையும் செய்யணும். சடங்கு அன்னைக்குக் காலையில மிச்சக் கடனக் குடுத்துறணும். அப்புறம் சீரத் தூக்கிட்டு உள்ள போகணும். கடன்காரனா வாசல் வரைக்கும் போங்க, மாமனா உள்ள போங்க."

"காசு?"

"பெரஹரா திருவிழா வருதில்ல? ஊர்ல இருக்கிற ரூம் எல்லாம் ஆளு நெரம்பும். அம்புட்டுப் பேரும் குளிக்கணும்ல?"

அவள் சொன்னது சரியாகத்தான் இருந்தது. பெரஹரா சனம் வருமுன்னே விடுதிக்காரர்களுக்கு டேங்க் ஞாபகம் வந்தது. கணபதி ஞாயிறு பார்க்கவில்லை, மழை பார்க்கவில்லை. ஊர் பெரஹரா பார்க்க வீதியோரம் பாய் விரித்துக் காத்திருந்தபோது அவன் கூரை கூரையாக ஏறி இறங்கினான். முழங்கால் வீங்கியது. யோகேஸ்வரி எண்ணெய் காய்ச்சித் தடவினாள். சடங்குக்கு முதல் நாள், சீர்த் தட்டுக்கான சாமான்கள் ஒரு பக்கமும் கடனின் கடைசிப் பங்கு ஒரு பக்கமும் தயாராக இருந்தன. தன் வாழ்நாளில் அவ்வளவு பெரிய மனுஷனாகக் கணபதி தன்னை உணர்ந்ததில்லை. வீட்டுக்குள் அங்குமிங்கும் நடந்துகொண்டே இருந்தான்.

காசை வங்கியில் போட்டுவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். யோகேஸ்வரியும் கேட்டாள். "கையால வாங்கினத கையாலதான் குடுப்பேன்" என்றான். வீறாப்பு. இந்த வீறாப்பு கிடக்கட்டும், அதற்கு மேல் யோகேஸ்வரி செய்ததுதான் வேலை. காசை எதில் போடுவது என்று பார்த்தாள். வீட்டில் லீசிங்காரன் கடிதம் வந்த பழைய மண்ணிறக் கவர்தான் இருந்தது. மங்கள காரியம் நடக்கிற நாளில் அந்தத் தரித்திரம் பிடித்த கவரையா நீட்டுவது? கடைக்குப் போய், பொன்நிறக் கரையும் குத்துவிளக்குப் படமும் போட்ட கவர் வாங்கினாள். காசை வைத்தாள். மூலையில் மஞ்சள் தொட்டாள். ஒட்டப் போகும்போது கை தானாகவே ஒரு ரூபாய்க் குற்றியையும் உள்ளே போட்டது.

"இது எதுக்குடி?"

"நல்ல நாள்ல முழுத் தொகையா குடுப்பாங்களா? மேல ஒண்ணு இருக்கணும்."

வெளியே 'கணபதி' என்று எழுதினாள். கணபதிக்கும் அது சரியாகத்தான் பட்டது.

தெல்தெனிய மண்டப வாசலில் ரவிகுமார் பட்டு வேட்டியில் நின்றிருந்தான். வருகிறவர்கள் எல்லாம் அவன் கையில் கவரைத் திணித்தார்கள். அவன் சிரித்துச் சிரித்து வாங்கிப் பின்னால் மொய் மேசைக்குக் கடத்திக்கொண்டிருந்தான். கணபதி சீர்க் கூட்டத்தை ரோட்டில் நிறுத்திவிட்டு முன்னால் போனான். மேளம் காதைக் கிழித்தது.

"மச்சான், இது நம்ம கணக்கு! மிச்சம் முழுக்க இதுல இருக்கு!"

"ஆமா மச்சான் ஆமா, எல்லாம் இருக்கு, உள்ள வாங்க, நேரம் போகுது!"

கவர் கை மாறியது. கணபதிக்கு நெஞ்சில் இருந்து ஒரு சிமெந்து மூட்டையை இறக்கி வைத்தது போல இருந்தது. திரும்பிப் போய், சீர்த் தட்டுகளுக்கு முன்னால் நின்று, தலையை நிமிர்த்திக்கொண்டு மண்டபத்துக்குள் நடந்தான். தனுஷி மணவறையில் சேலை கட்டிப் பொம்மை போல் இருந்தாள். மாமன் மாலை போட்டபோது அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. டிலானி பக்கத்தில் நின்று, "குடுத்துட்டியா அண்ணே?" என்று கேட்டாள். "குடுத்துட்டேன்" என்றான். அவள் அவன் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்தினாள்.

பந்தியில் உட்கார்ந்து இரண்டாம் சோறு வாங்கும்போதுதான் அது நடந்தது. மொய் எழுதியவர் ராஜரத்தினம் ஐயா, தோட்டத்து ஆபீசில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு மைக் தேவையில்லை, ஆனாலும் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு பெயராக வாசித்துக்கொண்டு வந்தவர் ஓரிடத்தில் நின்று, தொண்டையைச் செருமினார்.

"பெண்ணின் தாய்மாமன், மடுல்கெல்ல கணபதி அவர்கள், மொய்... ஒரு லட்சத்து ஒரு ரூபா!"

மண்டபத்தில் கரண்டிச் சத்தம் நின்றது. பிறகு ஒரே கசமுசா. "மாமன்னா இவன் மாமன்" என்று யாரோ கை தட்டினார்கள். ரவிகுமாரின் அம்மா, சீர்த் தட்டுகளைக் கண்ணாலேயே நிறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர், எழுந்து வந்து டிலானியின் கன்னத்தைத் தடவினார்.

கணபதியின் கையில் எடுத்த சோறு கையிலேயே இருந்தது. எதிர்ப் பந்தியில் யோகேஸ்வரி தலையில் கை வைத்துக்கொண்டாள். குத்துவிளக்குக் கவரும் மஞ்சளும் அந்த ஒரு ரூபாயும் அவளுக்கு ஒன்றாக விளங்கிவிட்டன. வாசலடியில் ரவிகுமார் முகம் சுண்டி நின்றான். 'எனக்குத் தர வேண்டியதைத் தராமல் என் வீட்டிலேயே ஜம்பம் காட்டுகிறானே' என்று அந்த முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

சும்மா இருந்துவிடலாம் என்று கணபதிக்குத் தோன்றாமல் இல்லை. சபையில் இப்படி ஒரு பெயர் சும்மா கிடைக்குமா? பிறகு தனியாகப் பேசிச் சரி செய்துகொள்ளலாம். டிலானியும் ஓடி வந்து அவன் காதில் அதைத்தான் சொன்னாள். "விட்டுடு அண்ணே. எந்திரிக்காத. அவருகிட்ட நான் பேசிக்கிறேன்."

நான் பேசிக்கிறேன். இத்தனை காலமும் அவள்தானே பேசினாள். மாசம் முடிகிறதா என்று இங்கே கேட்டு, முடியப் போகிறது என்று அங்கே சொல்லி, இரண்டு பக்கச் சூட்டையும் நடுவில் நின்று வாங்கியவள். பிளெண்டரைச் சேலையால் மூடிய கை அது. இன்னொரு தரம் அவளைப் பேச விடுவதில்லை என்று கணபதி எழுந்துவிட்டான்.

வலது கை எச்சில். இடது கையால் ராஜரத்தினம் ஐயாவிடமிருந்து மைக்கை வாங்கினான்.

"எல்லாருக்கும் வணக்கம். எனக்கு டேங்குக்குள்ள பேசித்தான் பழக்கம். தப்பா எடுத்துக்காதீங்க." சிரிப்பு எழுந்தது. "இப்ப ஐயா வாசிச்சது மொய் இல்ல. அது எங்க மச்சான் காசு. என் லொறி போன வருசம், சொந்தக்காரங்க பாதிப் பேரு என் போனக்கூட எடுக்கல. எடுத்தா காசு கேப்பேன்னு பயம். இந்த மனுசன் ஒரு எழுத்துக் கேக்காம எனக்குக் கையில குடுத்தாரு. கொஞ்சங் கொஞ்சமா திருப்பிக் குடுத்தேன். கடைசிப் பங்கத்தான் இன்னைக்கு வாசல்ல குடுத்தேன், மேளச் சத்தத்துல அவருக்குக் கேக்கல. லட்சம் கடன். அந்த ஒரு ரூபாதான் மொய்." மூச்சு விட்டான். "அங்க தட்டுல இருக்கிற சீர் என் சம்பாத்தியம். அதுல ஒருத்தருக்கும் பாக்கி இல்ல."

குத்திக் காட்டியதைப் பற்றி அவன் ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லாததால் ரவிகுமாருக்கு அது இன்னும் நன்றாகக் கேட்டிருக்கும். மண்டபமே திரும்பி அவனைப் பார்த்தது. "எழுத்துக் கூட வாங்காமலா?" என்று ஒரு கிழவர் வியந்து கேட்டார். ரவிகுமாரின் முகத்தில் கோபம் வடிந்து, அதற்குப் பதில் என்ன முகத்தை வைப்பது என்று தெரியாமல் அவன் தடுமாறினான்.

ராஜரத்தினம் ஐயா பேனாவைத் தூக்கினார். "அப்ப இத வெட்டிடவா?"

"வெட்டாதீங்க!"

ரவிகுமார் பந்திகளுக்கு நடுவில் புகுந்து வந்தான். வந்து மைக்கைப் பிடித்தான். வேட்டியைச் சரி செய்தான்.

"மங்கள காரியத்துல எழுதினத வெட்டுறதில்ல. மச்சான் சொன்னது சரி. கடன் தீந்துபோச்சு. இந்த மனுசன பல எடத்துல நான் எளக்காரமா பேசியிருக்கேன். அதையும் சபையில ஒத்துக்கிறேன். ஆனா எழுதின மொய் மொய்தான். அவரு வீட்டு விசேசத்துக்கு நான் இதத் திருப்பி எழுதணும். இனிமே நான்தான் கடன்காரன்."

கை தட்டலில் மண்டபக் கூரைத் தகரம் அதிர்ந்தது. கணபதி பதறிப்போனான். "மச்சான், என்ன பேச்சு இது? எங்க வீட்ல ஏது விசேசம்? ரெண்டும் பையனுங்க. மூத்தவன் இன்னும் அஞ்சாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையே எழுதல. கல்யாணத்துக்கு இன்னும் எவ்வளவு காலம் கெடக்கு!"

டிலானி அழுதுகொண்டிருந்தாள், சிரித்துக்கொண்டும் இருந்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துவிட்டுச் சொன்னாள். "கெடக்கட்டும் அண்ணே. இவ்வளவு காலமும் நீ கடன்காரனா இருந்த. இனிமே அவரும் கொஞ்சம் இருந்து பாக்கட்டும்."

பெண்கள் பந்தி விழுந்து விழுந்து சிரித்தது. ரவிகுமாரின் அம்மா கூடச் சிரித்தார். கணபதி மச்சானைக் கட்டிப் பிடித்தான், எச்சில் கை பட்டு அவன் சட்டையில் பருப்புக் கறை விழுந்தது. ராஜரத்தினம் ஐயா அடுத்த பெயரை வாசித்தார்.

அடுத்த வாரம் கணபதி கட்டுகஸ்தோட்டையில் ஒரு டேங்குக்குள் இருந்தபோது போன் அடித்தது. டிலானி என்று நினைத்து எடுத்தான்.

"மச்சான், நான்தான்." ரவிகுமார். கல்யாணம் முடித்த நாள் தொட்டு முதல்முதலாக அவனே எடுக்கிறான். "எங்க வீட்டு டேங்க் தண்ணி ஒரு மாதிரி வருது. எப்ப வரலாம் நீங்க?"

"ஞாயித்துக்கிழமை வர்றேன். ஆனா ஒண்ணு மச்சான், கூலிய அன்னைக்கே தந்துறணும். ஏற்கெனவே நீங்க கடன்காரரு."

அந்தப் பக்கம் ரவிகுமார் வெடித்துச் சிரித்தான். சிரிப்பு அடங்குமுன்னே பின்னால் டிலானியின் குரல் கேட்டது.

"யாருங்க போன்ல? அண்ணனா? ஏதாச்சும் சொல்லணுமா? குடுங்க, நான் சொல்றேன்."

"நீ போ உள்ள" என்றான் ரவிகுமார். "நான் எங்க மச்சான்கிட்டப் பேசுறேன்."